திருப்பியனுப்பும் படிவம்

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆம் நாள், திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்தில், உஸ்பெகிஸ்தானின் நமங்கான் நகரில் ஒரு ரொட்டிக்கடையின் மாடியறையில், முப்பத்தொரு வயதான தில்மூரோத் தன் முதலாளி துர்குன் அகாவின் முன்னால் கைகட்டி நின்றான். முதலாளியின் கையில் ஒரு தாள் இருந்தது. பிப்ரவரி 13 முதல் மார்ச் 12 வரை, கல்யாண மண்டபத்துக்கு நாள் கேட்டு இணையத்தில் நிரப்பி அனுப்பப்பட்ட படிவங்கள் நூற்று எண்பத்து மூன்று. பிழையென்று திருப்பியனுப்பப்பட்டவை நூற்று இருபத்திரண்டு. ஏற்கப்பட்டவை அறுபத்தொன்று.

ரொட்டிக்கடையும் மண்டபமும் துர்குன் அகாவுடையவை. படிவம் தில்மூரோத்துடையது.

"நூத்துல அறுபத்தேழு பேரை வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பறியே தம்பி. நாம கல்யாண மண்டபம் நடத்தறோமா, எல்லைச் சாவடி நடத்தறோமா?"

படிவத்தில் பிழையில்லை, அதை நிரப்புகிறவர்களிடம்தான் பிழையிருக்கிறது என்று தில்மூரோத் பணிவாக எடுத்துரைத்தான். ஒருவர் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தை விழுங்குகிறார். ஒருவர் விருந்தினர் எண்ணிக்கையில் ஒரு சுழியைக் கூட்டுகிறார். ஒருவர் போன ஆண்டு அக்டோபரில் கல்யாணம் செய்ய விரும்புகிறார். துர்குன் அகா விளக்கங்களைக் கேட்டுப் பழகியவரல்லர். 20ஆம் நாள் மாலை நான்கு மணிக்குள் திரும்புகிற படிவங்கள் நூற்றுக்குப் பத்தாகக் குறைய வேண்டும் என்றார். தில்மூரோத்தின் மூன்று மாதத் தகுதிகாண் பருவமும் அன்றுதான் முடிகிறது என்பதை நினைவூட்டினார்.

"உன் மாமனார் கடையில ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கேள்விப்படாதவர் அந்த ஊரில் எவருமில்லை. தில்மூரோத்தின் மாமனார் கடைத்தெருவில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். கல்யாணமான மறுவாரமே மருமகனுக்கென்று ஒரு நீலநிற வேலைக்கோட்டைத் தைக்கச் சொல்லி, கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். போகும்போதெல்லாம், "தோள் பொருந்துதான்னு சும்மா ஒரு தடவை போட்டுப் பாருங்க மாப்பிள்ளை" என்பார். தில்மூரோத்துக்குப் பெரிய ஆசைகள் கிடையா. மனைவி மஹ்லியோ, பத்து மணிக்குக் கீழேயிருந்து வருகிற சூடான ரொட்டி, ஒரு பெட்டி டைல்ஸ் எத்தனை கிலோ என்று யாரும் கேட்காத இந்த மாடியறை, இம்மூன்றும் போதும் என்றிருந்தான். இப்போது மூன்றில் இரண்டு ஆட்டம் கண்டன.

படிவம் பி.எச்.பி. மொழியில், பலரும் பயன்படுத்தும் ஒரு வலைச்சட்டகத்தின்மேல் எழுப்பப்பட்டிருந்தது. நிரப்பப்பட்ட விவரங்களை விதிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், ஒரு விதி தவறினாலும் நிரப்பியவரை வந்த வழியே படிவத்துக்குத் திருப்பி, சிவப்பெழுத்தில் பிழைகளைக் காட்டுவதும் அந்தச் சட்டகத்தின் இயல்பு. இயல்பு பிடிக்காதவர்கள் மாற்றிக்கொள்ள ஒரு வசதியும் அதிலேயே உண்டு. சரிபார்ப்புத் தோற்றவுடன் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தனியாக ஒரு செயற்கூறில், அதாவது நிரலின் ஒரு சிறு துண்டில், எழுதிவிட்டால் போதும். சட்டகம் தன் வழக்கத்தைக் கைவிட்டு, எழுதியவர் சொற்படி நடக்கும். தில்மூரோத் அதுவரை அந்தச் செயற்கூறைத் தொட்டதில்லை. அந்த வாரத்தில் திரும்பத் திரும்பத் தொட நேர்ந்தது.

முதல் யோசனை மஹ்லியோவுடையது. மதிய உணவுக்கு வந்தவனின் கைப்பேசியில் படிவத்தைப் பார்த்தாள்.

"'தவறான உள்ளீடு'ன்னு சிவப்புல போட்டிருக்கீங்களே, உங்க அம்மாகிட்ட இப்படித்தான் பேசுவீங்களா?"

"அம்மா ஃபாரம் நிரப்ப மாட்டாங்க."

"மத்தவங்க அம்மா நிரப்புவாங்கல்ல?"

நியாயம் அவள் பக்கம் இருந்தது. அன்று மாலைக்குள் தில்மூரோத் பிழைச்செய்திகள் அனைத்தையும் மாற்றியெழுதினான். சிவப்பு பச்சையாயிற்று. இலக்கம் குறைந்தால், 'மதிப்பிற்குரியவரே, தங்கள் இல்லத்து மங்கல நிகழ்ச்சி சிறக்க வாழ்த்துகிறோம். தங்கள் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் எங்கள் கண்ணில் படவில்லை. குறை எங்களுடையதாகவும் இருக்கலாம்' என்று படிவம் கூறியது. சுழி கூடினால், 'தங்கள் சுற்றம் பெரிது, எங்கள் கூடம் சிறிது. பொறுத்தருள்க' என்றது.

செவ்வாய் மாலையில் கணக்கெடுத்தான். அறுபத்தேழு எழுபத்தைந்தாக ஏறியிருந்தது. முன்பு இரண்டு முறை தவறு செய்துவிட்டு மூன்றாம் முறை சரியாக நிரப்பியவர்கள், மரியாதை கிடைத்ததும் மூன்று முறை தவறு செய்தார்கள்.

புதன்கிழமை இரண்டாம் முயற்சி. மனிதரைத் திருத்த முடியாது, எண்களைத் திருத்தலாம் என்று முடிவுசெய்தான். தொலைபேசி எண்ணில் இடைவெளி இருந்தால் படிவமே நீக்கிக்கொள்ளும். நாட்டுக் குறியீடு விடுபட்டால் படிவமே சேர்த்துக்கொள்ளும். இலக்கம் குறைவாக இருந்தால், எழுதிமுடிக்கும்வரை அனுப்புகிற பொத்தானே தோன்றாது. கடந்துபோன நாட்களை நாட்காட்டியில் தொடவே முடியாது.

ஒரு பொந்தை அடைத்தால் எலி வேறு பொந்து தேடும். வியாழன் காலையில் பதிவேட்டைத் திறந்தபோது தொலைபேசிப் பிழை ஒன்றுகூட இல்லை. அதற்கு மாறாக, ஒரு மணமகனின் வயது நான்கு என்றிருந்தது. ஒரு கல்யாணத்துக்கு விருந்தினர் ஒருவருமில்லை. ஒரு படிவத்தில் மணமகனும் மணமகளும் ஒரே ஆளாக இருந்தார்கள். எழுபத்தைந்து எண்பதாயிற்று.

துர்குன் அகா தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபமில்லை, வியப்புத்தான் இருந்தது.

"நீ கை வைக்க வைக்க ஏறுதே தம்பி. நாளைக்கு ஒரு நாள் கையைக் கட்டிக்கிட்டு ரொட்டி சாப்பிடேன்."

தில்மூரோத் ரொட்டியையும் சாப்பிட்டான், கையையும் வைத்தான். மூன்றாம் முயற்சி வியாழன் பிற்பகலில் நிறைவேறியது. திருப்பியனுப்பினால்தானே கணக்கில் ஏறுகிறது? யாரையும் திருப்பியனுப்பாமல் விட்டால்? சரிபார்ப்புத் தோற்றாலும் நிரப்பியவருக்கு 'ஏற்றுக்கொண்டோம், வாழ்த்துகள்' என்று காட்டிவிட்டு, அந்தப் படிவத்தின்மீது 'அரைகுறை' என்ற அடையாளத்தைக் குத்தி உள்ளே சேர்த்துக்கொள்ளுமாறு செயற்கூறை எழுதினான். அரைகுறைகளைப் பின்னர்த் தானே ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்துவிடலாம் என்பது அவன் திட்டம்.

வெள்ளி மாலையில் எண்பது சுழியாயிற்று. துர்குன் அகா ஒரு தட்டு நிறையச் சம்சா வாங்கி மாடிக்கு அனுப்பினார். கூடவே, இரண்டு குடும்பத்தார் தங்கள் முன்பதிவை விலக்கிக்கொண்டார்கள் என்ற செய்தியும் வந்தது. சம்சா சூடாக இருந்தமையால் செய்தியை எவரும் பொருட்படுத்தவில்லை.

படிவத்தின்மீது குத்தப்பட்ட அடையாளம் தில்மூரோத்துக்குத் தெரியும். மண்டபத்துச் சமையலறைக்கு நாள்தோறும் பட்டியல் அனுப்புகிற நிரலுக்குத் தெரியாது. அந்த நிரலையும் எழுதியவன் அவன்தான். ஆனால் அதை ஜனவரியில் எழுதினான்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, உடனே மண்டபத்துக்கு வருமாறு ஆள் வந்தது. அவன் முதன்முறையாக மண்டபத்தின் முற்றத்தை அன்றுதான் முழுதாகப் பார்த்தான். முழுதாக என்பதும் பொருந்தாது. முற்றத்தின் நடுவில் மஞ்சள் கேரட் ஒரு குன்றாகக் கிடந்தது. அதைச் சுற்றி, தெருவில் உள்ள அத்தனை வீட்டாரும் கத்தியும் பலகையுமாக உட்கார்ந்திருந்தார்கள். விருந்துக்கு முந்தைய நாள் அக்கம்பக்கத்தார் கூடிப் புலாவுக்குக் கேரட் நறுக்கிக் கொடுப்பது வழக்கமாதலால் சமையற்காரர் அழைத்திருந்தார். அழைக்கப்பட்டவர் எண்பது பேர். குன்றைப் பார்த்துவிட்டுத் தாமாக வந்தவர் நாற்பது பேர்.

சமையற்காரர் கோச்கோர் அகா, வயது அறுபத்திரண்டு, சட்டைக்கையை முழங்கைக்குமேல் மடித்து, பக்கத்துத் தெருக்களிலிருந்து இரவல் வாங்கிய பதினேழு அண்டாக்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை விருந்துக்கு அவருக்கு வந்த பட்டியலில் விருந்தினர் இருபத்தையாயிரம் பேர் என்று கண்டிருந்தது. அதற்குக் கீழே, அதே நாளில், அதே குடும்பத்தின் பெயரில், இருநூற்றைம்பது பேருக்கு இன்னொரு பட்டியலும் இருந்தது. அதை அவர் காலைத் தேநீருக்கு வருகிறவர்கள் என்று எடுத்துக்கொண்டார்.

"இருபத்தையாயிரம்னு வந்தப்ப உங்களுக்குச் சந்தேகமே வரலியா அகா?" என்று தில்மூரோத் கேட்டான்.

"வந்துதே. கொண்டைக்கடலை பத்துமான்னு."

விருந்தளிக்க வேண்டிய குடும்பத்தலைவர் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவர். அவர் அண்டாக்களை ஒருமுறை எண்ணினார், பிறகு இன்னொருமுறை எண்ணினார், பிறகு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். இருநூற்றைம்பது பேர்தான் என்று கோச்கோர் அகாவிடம் சொல்லப்பட்டபோது, அவர் மடித்திருந்த சட்டைக்கையை மெல்ல இறக்கிவிட்டார். வாழ்நாளில் ஒருமுறை கிடைத்த பெரிய சமையலைக் கைக்கெட்டும் தூரத்தில் பறிகொடுத்தவரின் முகம் அது. அவரைத் தேற்றத்தான் அதிக நேரம் பிடித்தது. கேரட்டை அப்புறப்படுத்தச் சிறிது நேரமே போதுமாயிருந்தது. நறுக்க வந்த நூற்றிருபது பேரும் ஆளுக்கொரு மூட்டையாகச் சுமந்துகொண்டு, இதைவிடச் சிறந்த விருந்துக்குத் தாங்கள் போனதேயில்லை என்று சொல்லியபடி வீடு திரும்பினார்கள்.

நண்பகலுக்குள் மேலும் மூன்று குடும்பத்தார் முன்பதிவை விலக்கிக்கொண்டார்கள். ஐந்துக்கும் கேரட்டே காரணம் என்று துர்குன் அகா தீர்மானித்தார். முதல் இரண்டும் கேரட் வருவதற்கு முந்தைய நாளே வந்தவை என்பது அவருடைய தீர்மானத்தைப் பாதிக்கவில்லை. அன்று பிற்பகல் தில்மூரோத் மீண்டும் செயற்கூறைத் தொட்டான். அரைகுறையை நீக்கிவிட்டுப் பச்சை நிற மரியாதைகளைத் திரும்ப வைத்தான். ஞாயிறு மாலையில் விகிதம் மீண்டும் எண்பதாக இருந்தது. அன்றே மாமனார் வீட்டில் விருந்து. நீலக்கோட்டு இஸ்திரி போடப்பட்டிருந்தது.

20ஆம் நாள் திங்கட்கிழமை காலையில்தான், முதல் நாளே செய்திருக்க வேண்டிய ஒன்றைத் தில்மூரோத் செய்தான். என்ன பிழை நேர்ந்தது என்று ஒரு வாரமாகப் பார்த்தவன், எங்கிருந்து நேர்ந்தது என்று பார்த்தான். மக்கள் தத்தம் வீட்டிலிருந்து, தத்தம் கைப்பேசியில் நிரப்புவதாக அவன் எண்ணியிருந்தான். ஆனால் தோற்ற படிவங்கள் அத்தனையும் ஒரே கணினியிலிருந்து வந்திருந்தன. ஏற்கப்பட்டவையும் அதே கணினியிலிருந்தே வந்திருந்தன. அந்தக் கணினி மண்டபத்தின் முன்னறையில் இருந்தது.

பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேன் பிடித்து மண்டபத்துக்குப் போனான்.

முன்னறையில் விருந்தினரின் மேலங்கிகளை வாங்கி மாட்டிவைக்கிற சனோபர் ஓபா இருந்தாள். நாற்பத்தெட்டு வயது. கணப்பு அந்த அறையில் மட்டுமே சரியாக எரிந்தமையால் கணினியையும் அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கணினி இருக்குமிடத்தில் இருப்பவர் கணினி தெரிந்தவராகத்தானே இருக்க வேண்டும்? நாள் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் அவளிடமே போனார்கள். வெளிச்சுவரில், 'இணையத்தில் மட்டுமே முன்பதிவு' என்று எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் நேரில் உள்ளே வந்தார்கள்.

தில்மூரோத் தன்னை யாரென்று சொல்லாமல் ஓரத்து நாற்காலியில் அமர்ந்தான். தொப்பியணிந்த ஒரு தகப்பனாரும், அவர் மனைவியும், மனைவியின் தம்பியும் மேசைக்கு எதிரே இருந்தார்கள். மறுநாள் நவ்ரூஸ் புத்தாண்டு, அதற்கு இரண்டு நாள் கழித்து நோன்பு தொடங்குகிறது. நோன்புக்குப் பின் வருகிற முதல் ஞாயிறு அவர்களுக்கு வேண்டும். சனோபர் ஓபா தேநீர் ஊற்றினாள். பிறகு பத்து விரலாலும், திரையைப் பார்க்காமலே, படிவத்தை நிரப்பினாள். ஊரிலேயே இவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்பவரைத் தில்மூரோத் கண்டதில்லை. பொத்தானை அழுத்தினாள். பச்சையெழுத்து வந்தது. அதை அவள் உரக்க வாசித்தாள்.

"'மதிப்பிற்குரியவரே, தங்கள் சுற்றம் பெரிது, எங்கள் கூடம் சிறிது. பொறுத்தருள்க.'"

தகப்பனார் தாடியைத் தடவிக்கொண்டார். மனைவி கவலையோடு தேநீரைப் பருகினாள். சனோபர் ஓபா பெருமூச்சு விட்டு, இன்னொருமுறை முயன்று பார்க்கலாம் என்றாள். இரண்டாம் முறையும் பச்சையெழுத்து.

"அந்த வாழ்த்தை இன்னொரு தடவை வாசிம்மா" என்றார் தகப்பனார்.

மூன்றாம் முறையும் திரும்பியது. நான்காம் முறையும் திரும்பியது. மைத்துனர் எழுந்து நின்றேவிட்டார். ஐந்தாம் முறை, 'ஏற்றுக்கொண்டோம்' என்று வந்ததும் மூவரும் சனோபர் ஓபாவை வாழ்த்தி, ஒரு ரொட்டியும் இனிப்பும் மேசைமேல் வைத்துவிட்டு, வெற்றி பெற்ற படைபோல வெளியேறினார்கள்.

தில்மூரோத் நாற்காலியிலேயே இருந்தான். எண்பது விழுக்காடு அவன் கண்முன்னே நடந்தேறியிருந்தது. மேசையின் ஓரத்தில் அந்தக் குடும்பத்தார் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டு கிடந்தது. அதில் விருந்தினர் எண்ணிக்கை முந்நூறு என்று தெளிவாக எழுதியிருந்தது. அதை அவள் நான்கு முறை தவறாகப் படித்திருக்கிறாள். கண் மங்கியிருக்கக்கூடும், பாவம், சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிறாள் போலும் என்று அவன் எண்ணினான்.

நான்கு மணிக்குத் துர்குன் அகா தாளும் கையுமாக முன்னறைக்குள் நுழைந்தார்.

"எண்பதுலயே நிக்குது. காரணம் கண்டுபிடிச்சியா?"

தில்மூரோத்தின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. அந்த அச்சுத்தாளை எடுத்து நீட்டினால் அவன் வேலை நிலைக்கும், இவளுடைய கணப்பறை போய்விடும். கை பையிலேயே தங்கியது.

"கண்டுபிடிச்சேன் அகா. கோளாறு ஃபாரத்துலதான்."

"சரிபண்ணிட்டியா?"

"இல்லை."

"அப்போ கோட்டு தோளுக்குப் பொருந்துதான்னு பாத்துக்க."

தில்மூரோத் தலையசைத்தான். சனோபர் ஓபா தேநீர்க்கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"பையனை ஏன் அனுப்பறீங்க அகா? ஃபாரத்துல ஒரு கோளாறும் இல்லை. தப்பையெல்லாம் போடறது நான்தான். அந்த இருபத்தையாயிரமும் என் கைதான்."

"உனக்குக் கண்ணு தெரியலையா?"

"நல்லாத் தெரியும். வேணும்னேதான் போடறேன். போன வியாழன் சாயங்காலத்துலேருந்து இந்த ஃபாரம் என்ன போட்டாலும் முதல் தடவையே ஏத்துக்கிச்சு. வந்தவங்க முகமே மாறிப்போச்சு. இவ்வளவு சுலபமா நாள் கிடைக்குதுன்னா இந்த மண்டபத்துல என்ன குறையோன்னு அஞ்சு குடும்பம் விலகிப்போச்சு. முதல் தடவை கேட்டதுமே பொண்ணு குடுக்கற வீட்டுல நீங்க சம்பந்தம் பண்ணுவீங்களா?"

துர்குன் அகா நாற்காலியில் அமர்ந்தார். தம் மனைவியைப் பெண் கேட்டு எத்தனை முறை ஆள் அனுப்பினார்கள் என்று அவர் விரல்விட்டு எண்ணுவதைத் தில்மூரோத் கண்டான். தனக்கு மஹ்லியோ வீட்டில் நான்காம் முறைதான் சம்மதத்துக்கு அடையாளமாக ரொட்டி பிட்டார்கள் என்பது அவனுக்கும் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை நான்கு மணி நாற்பது நிமிடத்தில் முடிவானவை பின்வருமாறு. சரிபார்ப்புத் தோற்றால் செயல்படுகிற செயற்கூறு மீண்டும் ஒருமுறை மாற்றியெழுதப்படும். இனி எல்லா விவரமும் சரியாக இருந்தாலும் படிவம் இரண்டு முறை தானாகவே திருப்பியனுப்பும், மூன்றாம் முறை ஏற்றுக்கொள்ளும். திருப்பியனுப்பும்போது காட்டவேண்டிய வாசகங்களைச் சனோபர் ஓபா எழுதித் தருவாள். இவ்வாறு திரும்புகிற படிவங்கள் பிழைக்கணக்கில் சேரா, உபசாரக் கணக்கில் சேரும். தில்மூரோத்தின் வேலை நிரந்தரமாக்கப்பட்டது. உண்மையிலேயே தவறாக நிரப்புகிறவர்களை என்ன செய்வது என்று தில்மூரோத் கேட்டான். இதுவரை அப்படி ஒருவரும் இருந்ததில்லை என்று சனோபர் ஓபா கூறியதால், அது விவாதிக்கப்படவில்லை.